சார்ஜ்: மாட்டு வண்டியில் ஏறி வந்த சொல்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் இந்தச் சொல் நாலைந்து முறை காதில் விழுந்துவிடும். ஆட்டோ ஸ்டாண்டில், பெரியார் பஸ் ஸ்டாண்டு போக வேண்டியவர், "பெரியாருக்கு சார்ஜ் எம்புட்டுண்ணே?" போனை எடுத்துப் பார்த்தவர், "அடடா, சார்ஜ் இறங்கிருச்சே." டீக்கடை பெஞ்சில் ஏதோ ஒரு வழக்கைப் பற்றி, "சார்ஜ் ஷீட் போட்டுட்டாங்களா இல்லையா?" அதே பெஞ்சின் மறு முனையில், "புது ஆபீசர் திங்கக்கெழம சார்ஜ் எடுக்குறாராம்." இன்னொருவர், "அன்னிக்கு மறியல்ல லத்தி சார்ஜ் பண்ணாங்கல்ல..."

கட்டணம், மின்சாரம், குற்றம், பதவி, தடியடி. ஐந்துக்கும் ஒரே சொல்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டுகளில் இதற்கு எண் போட்டு ஒரு பட்டியல் இருக்கும், மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். கூடவே, "இங்கிலீஷ்ல ஒரு சொல்லுக்கு நூறு அர்த்தம், ஒரு முறையும் கிடையாது" என்றொரு தீர்ப்பும் வரும். பட்டியலும் வீண், தீர்ப்பும் தப்பு. இந்த ஐந்தும் ஒரே படத்திலிருந்து வந்தவை. அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் பட்டியல் தேவையில்லை.

முதலில் ஆறும் கண்ணும்

வைகை ஓர் ஆறு. ஐந்துக்கு அடுத்தது ஆறு. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தனித்தனியாகப் பிறந்த இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. இப்படிப்பட்டவற்றை ஒலியொப்புச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம்.

'கண்' அப்படியல்ல. முகத்தில் கண். நுங்குக்கு மூன்று கண், தேங்காய்க்கும் மூன்று. வைகை மேல் 1889-இல் கட்டிய ஏ.வி. பாலத்தின் அடியில் தண்ணீர் போகும் வளைவுகளும் கண்தான். இவை நாலு சொற்கள் அல்ல. ஒரே சொல், முகத்திலிருந்து கிளம்பி, வடிவத்தில் தன்னைப் போலிருந்த இடத்திலெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது. இதுதான் பல்பொருள் சொல்.

ஆங்கிலத்திலும் இரண்டு வகையும் உண்டு. கிரிக்கெட் பேட்டும், வௌவாலைக் குறிக்கும் 'பேட்'டும் நம் ஆறு மாதிரி. உறவே இல்லை. சார்ஜ் நம் கண் மாதிரி.

அகராதிகள் இந்த இடத்தில்தான் ஆளை மிரட்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் உண்டு. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அகராதிக்காரர் வேலை கிளைகளை எண்ணுவது. கற்றுக்கொள்பவர் பிடிக்க வேண்டியது அடிமரத்தை.

வண்டியும் மூட்டையும்

இன்றைய ஃபிரான்ஸ் இருக்கும் நிலப்பகுதியில் வாழ்ந்த கெல்டிய மக்களிடமிருந்து ரோமானியர்கள் ஒரு சொல்லைக் கடன் வாங்கினார்கள்: கர்ருஸ், அதாவது பார வண்டி. பிற்கால லத்தீனில் அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்தது: கர்ரிகாரே, 'வண்டியில் பாரம் ஏற்று'. அது பழைய ஃபிரெஞ்சில் தேய்ந்து, 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் வழியே ஆங்கிலத்துக்குள் வந்து, சார்ஜ் ஆயிற்று. ஆங்கிலத்தில் அது முதலில் குறித்தது சுமையை மட்டும்தான்.

கார், கேரி, கார்கோ மூன்றும் இதன் பங்காளிகள். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் காரிகேச்சரும் அதே குடும்பம்தான். இத்தாலிய மொழியில் அதற்குப் 'பாரம் கூட்டி வரைந்தது' என்று பொருள். உள்ள மூக்கின் மேல் இன்னும் ஒரு மூக்கை ஏற்றிவிடுவது.

கீழமாசி வீதியில் காலை நேரத்தில் லோடு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றும் ஆள் ஒருவர், மூட்டை ஒன்று, அதைத் தாங்கும் வண்டி ஒன்று. சார்ஜ் என்ற சொல்லுக்குள் இருப்பது இந்தக் காட்சிதான். பொருள் மாறும்போது காட்சி மாறுவதில்லை. மூட்டையின் இடத்தில் வேறொன்று வரும், வண்டியின் இடத்தில் வேறொன்று வரும். ஆகவே சார்ஜ் எங்கே வந்தாலும் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: மூட்டை எது? வண்டி எது?

பணமும் பதவியும்

கட்டணத்தில் மூட்டை பணம் கட்ட வேண்டிய கடமை, வண்டி வாடிக்கையாளர். மின்கட்டணத்திலும் டிக்கெட்டிலும் பார்க்கும் 'சர்சார்ஜ்' என்பதில் முன்னால் நிற்கும் 'சர்' ஃபிரெஞ்சில் 'மேலே' என்று பொருள்படும். ஏற்றிய மூட்டைக்கு மேல் இன்னொரு மூட்டை, அவ்வளவுதான்.

வங்கிக்காரர்கள் "இந்தச் சொத்து மேல சார்ஜ் இருக்கு" என்பார்கள். பலர் இதை ஏதோ கட்டண பாக்கி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே மூட்டை கடன், வண்டி நிலம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100-ஆவது பிரிவில் இதை வரையறுக்கிறது. நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஆனால் கடன் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தெரிந்தே வாங்குபவர் மூட்டையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். பத்திரம் போடுவதற்கு முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது, வண்டியில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதுதான்.

பதவியில் மூட்டை வேலை, வண்டி அதிகாரி. காலியிடத்தை இன்னொருவர் சேர்த்துப் பார்க்கும்போது அரசு ஆணைகளில் வரும் 'முழு கூடுதல் பொறுப்பு' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஃபுல் அடிஷனல் சார்ஜ்'. ஒரே வண்டியில் இரண்டு லோடு.

இங்கே படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பைச் சுமப்பவர். நடுவில் 'த' நுழைந்து 'இன் த சார்ஜ் ஆஃப்' ஆனால், இன்னொருவர் பொறுப்பில் இருப்பவர். "டீச்சர் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சில்ரன்", ஆனால் "த சில்ரன் ஆர் இன் த சார்ஜ் ஆஃப் த டீச்சர்". ஒரு சின்னச் சொல் வண்டியையும் மூட்டையையும் இடம் மாற்றிவிடுகிறது.

குற்றம்: மூட்டையை ஏற்றுவது யார்?

ஒருவர் மேல் குற்றத்தை ஏற்றுவதும் சார்ஜ். இதில் நடக்கும் குழப்பம் மற்ற எல்லாவற்றையும்விடக் கேடானது, ஏனென்றால் இது ஒரு மனிதரின் பெயரோடு விளையாடுவது.

போலீஸ் விசாரணை முடித்து நீதிமன்றத்தில் கொடுக்கும் அறிக்கையைத்தான் பேச்சில் சார்ஜ் ஷீட் என்கிறோம், செய்தித்தாளில் குற்றப்பத்திரிகை என்று வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆவது பிரிவு இதைப் பற்றியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 173. இந்த அறிக்கை வந்ததும் அந்த ஆள் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. சட்டத்தின் கணக்கில் முறையான 'சார்ஜ்'கூட இன்னும் விழவில்லை. ஆவணங்களைப் பார்த்துவிட்டு, விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால், அதுதான் குற்றச்சாட்டை வனையும். போலீஸ் மூட்டையைக் கட்டி வாசல் வரை கொண்டுவருகிறது. அதைத் தோளில் ஏற்றலாமா என்று முடிவு செய்வது நீதிபதி. ஏற்றிய பிறகும் அது சரியான மூட்டைதானா என்று பார்ப்பதற்குத்தான் சாட்சி விசாரணையெல்லாம்.

அரசு ஊழியர்கள் "17பி வந்துருச்சு" என்று முகம் வாடிச் சொல்வதும் இந்தக் கிளைதான். தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு விதிகளில் 17ஏ சிறிய தண்டனைகளுக்கானது, 17பி பெரிய தண்டனைகளுக்கானது. அந்தக் குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்குப் பேச்சில் 'சார்ஜ் மெமோ' என்று பெயர்.

வெடிமருந்திலிருந்து லத்தி வரை

துப்பாக்கியில் ஒருமுறை சுடுவதற்கு வேண்டிய அளவு மருந்தைப் போட்டுக் கெட்டிப்பது, அந்தக் காலத்தில் துப்பாக்கிக்கு லோடு ஏற்றுவது. அந்த அளவு மருந்துக்கும் சார்ஜ் என்றே பெயர். மேலூர்ப் பக்கக் கல்குவாரிகளில் பாறையில் துளை போட்டு வெடிமருந்து அடைக்கிறார்களே, ஆங்கிலத்தில் அதுவும் சார்ஜ்தான்.

ஆயுதத்தை ஏற்றியாயிற்று. அடுத்தது எதிரியை நோக்கிப் பாய்வது. காலப்போக்கில் சொல் ஏற்றுவதை விட்டு நகர்ந்து பாய்ச்சலையே குறிக்க ஆரம்பித்தது. குதிரைப்படையின் பாய்ச்சல் சார்ஜ், பாயும் போர்க்குதிரை சார்ஜர். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலை விட்டு வந்த காளை ஆளைக் குறி வைத்து முட்ட வந்தால், ஆங்கில வர்ணனையில் "த புல் சார்ஜ்டு" என்பார்கள். கையில் லத்தியோடு பாய்ந்தால் லத்தி சார்ஜ்.

இந்தக் கிளையில் மட்டும் மூட்டை-வண்டிக் கேள்வி நேராகப் பதில் தராது. மற்றவை நடுவிலிருந்து நாலு பக்கம் விரிந்தவை. இது சங்கிலி: பாரம், மருந்து, ஆயுதம், பாய்ச்சல். முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் பக்கத்தில் வைத்தால் உறவே தெரியாது. நடுவில் இருப்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதுவரை பார்த்ததைக் கையில் பிடித்துக்கொள்வோம்: சார்ஜ் என்றால் பாரம் ஏற்று. பணம், கடன், வேலை, குற்றம், மருந்து என்று மூட்டை மாறும். தாக்குதல் என்ற பொருள் மட்டும் மருந்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

போனில் எதுதான் ஏறுகிறது?

1745-46 வாக்கில் லெய்டன் ஜாடி என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடி ஜாடி, மின்சாரத்தைத் தேக்கி வைத்து ஒரே வெட்டில் வெளியே விடும். 1740-களின் கடைசியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சோதனைகளை எழுதும்போது இந்த ஜாடியில் மின்சாரம் நிரப்புவதை சார்ஜ் என்றே எழுதினார். துப்பாக்கிக்கு மருந்து போடுவதற்கும் அப்போது இதே சொல்தான். பல ஜாடிகளை வரிசையாகச் சேர்த்ததை, பீரங்கி வரிசையைக் குறிக்கும் 'பேட்டரி' என்ற சொல்லால் அழைத்தார். நம் சட்டைப் பையில் இருக்கும் இரண்டு சொற்களும் போர்க்களத்தின் வழியே வந்தவை.

ஆனால் சொல் ஒரு பொய்ப் படத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. போனை மாட்டிவிட்டால் வயர் வழியே மின்சாரம் வந்து, குடத்தில் தண்ணீர் மாதிரி பேட்டரியில் நிரம்புவதாகத்தான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அப்படி நிரம்புவதில்லை. மின்னூட்டம் என்பது எலக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்களுக்கு இருக்கும் ஓர் இயல்பு. எலக்ட்ரானுக்கு எதிர், புரோட்டானுக்கு நேர். பேட்டரியின் ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் நுழைகிறதோ அத்தனை மறுமுனையில் வெளியேறும். 0 சதவீதத்திலும் 100 சதவீதத்திலும் மொத்த மின்னூட்டம் ஒன்றேதான். மாறுவது உள்ளே இருக்கும் ஏற்பாடு: லித்தியம் அயனிகள் நேர்முனைப் பொருளிலிருந்து கிளம்பி, மறுபக்கத்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அடைகின்றன. திரும்பி வருவதற்கு அவை துடிக்கும் துடிப்புதான் சேமிப்பு. ஆகவே ஏறியது ஆற்றல். லோடு வெளியிலிருந்து வரவில்லை. அதே வண்டியிலிருந்த மூட்டைகளை மேட்டுக்குத் தூக்கி அடுக்கியிருக்கிறோம்.

பேட்டரி மேல் '5000 எம்ஏஎச்' என்று போட்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு 5000 மில்லி ஆம்பியர், அதாவது 5 ஆம்பியர், ஓடக்கூடிய அளவு. மின்னூட்டத்தை அளக்கும் அலகுக்குக் 'கூலும்' என்று பெயர். ஆம்பியர் என்பது ஒரு விநாடிக்கு ஒரு கூலும் மின்னூட்டம். ஒரு மணிக்கு 3600 விநாடி. 5-ஐ 3600-ஆல் பெருக்கினால் 18,000 கூலும். அவ்வளவு மின்னூட்டம் போனின் சுற்றுக்குள் ஒருமுறை ஓடி முடிந்தால், "சார்ஜ் இறங்கிருச்சு."

நம் பாடப்புத்தகம் இதை மின்னூட்டம் என்கிறது, இலங்கைத் தமிழர் மின்னேற்றம் என்கிறார்கள். நாம் ஊட்டினோம், அவர்கள் ஏற்றினார்கள். மூலச் சொல்லுக்கு நெருங்கி நிற்பது அவர்களுடையதுதான். ஆனால் நம் வாய் என்ன சொல்கிறது? "சார்ஜ் ஏத்து", "சார்ஜ் ஏறல", "சார்ஜ் இறங்குது". லத்தீன் தெரியாமலே வண்டிக்குரிய வினைகளைச் சரியாகப் போட்டுவிட்டது.

தமிழும் இதே பாதையில் போயிருக்கிறது

பொறுப்பு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அடியில் இருப்பது 'பொறு', தாங்கு. குறளில் 572-ஆவது பாட்டு, கண்ணோட்டம் இல்லாதவர்கள் உயிரோடிருப்பது 'நிலக்குப் பொறை' என்கிறது. அங்கே பொறை என்றால் பாரம். அதே நூலில் 'பொறையுடைமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே பொறை என்றால் பொறுமை. பாரத்திலிருந்து பொறுமை, பாரத்திலிருந்து பொறுப்பு. குற்றம் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், பழியைத் தலையில் கட்டுகிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துச் செய்ததை நாம் இரண்டு மூன்று சொற்களில் பிரித்துச் செய்திருக்கிறோம். 'முறையில்லாத மொழி' என்று தீர்ப்புச் சொல்பவர்கள் முதலில் தம் வாயைக் கவனிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. 'பொறுப்பேற்றார்' என்பதில் வரும் ஏற்றல், 'மூட்டை ஏற்றினார்' என்பதிலுள்ள ஏற்றல் அல்ல. முதலாவதன் வேர் ஏல், ஒப்புக்கொள்வது. இரண்டாவதன் வேர் ஏறு. ஒலி ஒத்துப்போவதை நம்பி உறவு கொண்டாடினால் 'ஆறு' கதைதான்.

டிஸ்சார்ஜ்: மூட்டையை இறக்கு

முன்னால் 'டிஸ்' வந்தால் ஏற்றியதை இறக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்றால், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆஸ்பத்திரி இறக்கி வைக்கிறது. நோய் முழுதாகக் குணமாகிவிட்டது என்று பொருளில்லை. நீதிமன்றத்தில் டிஸ்சார்ஜ் என்றால், குற்றச்சாட்டு வனையும் முன்பே முகாந்திரம் இல்லையென்று விடுவிப்பது. விசாரணை நடத்தி முடித்து விடுதலை செய்வது வேறு, அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல். வைகை அணையின் டிஸ்சார்ஜ் வெளியேறும் தண்ணீர். விநாடிக்கு இத்தனை கன அடி என்பார்கள், ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். 'ரீசார்ஜ்' மறுபடி ஏற்றுவது. போனுக்கும் அதுதான், வீட்டு ஓரத்தில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணற்றுக்கும் அதுதான்.

மூன்று சாவிகள்

சரி, பேச்சின் நடுவே எந்தப் பொருள் என்று நொடியில் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? இதற்கான விடை தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலேயே இருக்கிறது. பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளிவாகும் என்கிறது அது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு.

சார்ஜுக்குப் போட்டுப் பாருங்கள். வினை: ஏத்தினால் பேட்டரி, எடுத்தால் பதவி, பண்ணினால் லத்தி, கேட்டால் காசு. இனம் என்பது கூட நிற்கும் சொல். ஷீட், மெமோ, லத்தி, சர்வீஸ். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வேலையைப் பின்னால் வரும் சின்னச் சொல் செய்யும். குற்றமென்றால் 'வித்': சார்ஜ்டு வித் தெஃப்ட். கட்டணமென்றால் 'ஃபார்': சார்ஜ்டு ஃபார் பார்க்கிங். பாய்ச்சலென்றால் 'அட்': சார்ஜ்டு அட் ஹிம். கணக்கில் ஏற்றுவதென்றால் 'டு'. வித், ஃபார் இரண்டும் மாறிப்போனால், பார்க்கிங் கட்டணம் கட்டியவர் பார்க்கிங் என்ற குற்றத்துக்காக மாட்டிக்கொண்டவர் ஆகிவிடுவார். பஸ்ஸுக்கு நாம் சார்ஜ் என்று சொல்வது நம்மூர் வழக்கு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்கு 'ஃபேர்' என்றே எழுதுங்கள்.

மூன்றாவது, சார்பு. எங்கே, யாரிடம் பேசுகிறோம் என்பது. ஆட்டோ ஸ்டாண்டில் சார்ஜ் என்றால் காசுதான், இதில் நேற்று வரை சந்தேகமே வந்ததில்லை. இப்போது பேட்டரி ஆட்டோ வந்துவிட்டது.

"சார்ஜ் எம்புட்டுண்ணே?"

"அறுபது."

அறுபது ரூபாயா, அறுபது சதவீதமா? வினையும் கை கொடுக்கவில்லை, இனமும் இல்லை, சார்பு இரண்டு பக்கமும் சாய்கிறது. இதே முடிச்சுக்கும் தொல்காப்பியம் வழி சொல்கிறது. 'மா வீழ்ந்தது' என்றால் மரமா விலங்கா என்று தெரியாது, அப்போது கிளந்து, அதாவது வெளிப்படையாக எடுத்துச் சொல்ல வேண்டும்: மாமரம் வீழ்ந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் அவ்வளவுகூட வேண்டாம். "பெரியாருக்கு எம்புட்டுண்ணே?" என்று சார்ஜை விட்டுவிட்டுக் கேளுங்கள், அவர் பேட்டரி முள்ளைப் பார்க்க மாட்டார்.